சாலை இரைச்சலைக் காற்றால் அடக்கிய மிருக வைத்தியர்

சென்னையிலிருந்து திருத்தணிக்குச் சுமார் 85 கிலோமீட்டர். ஆடிக் கிருத்திகை வந்துவிட்டால் அந்தச் சாலையில் பஸ்களும் கார்களும் வரிசை வரிசையாகப் போகும். அவற்றின் நடுவே 80, 90 வயதான ஒரு பழைய மோட்டார் காரும் போவதாக வைத்துக்கொள்ளுங்கள். புதுப் பெயிண்ட் பளபளக்கிறது. பித்தளை விளக்கு மின்னுகிறது. என்ஜினும் சீராக ஓடுகிறது. ஆனால் உள்ளே இருப்பவர் பேசுவது பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்கவில்லை! தரை கடகடக்கிறது, கதவு படபடக்கிறது.

இந்த இரைச்சலுக்கு எல்லோரும் என்ஜின் மேல்தான் பழி போடுவார்கள். ஆனால் சாலையும் பெரிய குற்றவாளிதான். சக்கரம் கல்லில் மோதுகிறது. அந்த அதிர்ச்சி அச்சுக்குப் போகிறது. ஸ்பிரிங் பட்டை வழியாக வண்டியின் சட்டத்துக்கு ஏறுகிறது. பலகைத் தரையும் தகரக் கதவும் மத்தளத் தோல்போல அதை வாங்கி முழக்குகின்றன.

பழைய காரைப் புதுப்பிக்கும் கைதேர்ந்த மெக்கானிக் அதனால்தான் டயரைக் குனிந்து பார்க்கிறார். சாலையைத் தொடுவது அது ஒன்றுதானே! அந்தக் காற்று டயரை உலகத்தில் ஓட வைத்தவர் மோட்டார் தொழிலைச் சேர்ந்தவர் அல்ல. குதிரைக்கும் மாட்டுக்கும் வைத்தியம் பார்த்தவர். அவர் பெயர் ஜான் பாய்டு டன்லப்.

டன்லப் என்ற பெயர் இந்தப் பக்கத்து மக்களுக்குப் புதிதல்ல. திருத்தணி போகும் வழியில், அம்பத்தூரில், 1959ல் டன்லப் டயர் ஆலை எழுந்தது. (அப்போது திருத்தணி ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. 1960 ஏப்ரல் 1ல்தான் நம் மாநிலத்தோடு சேர்ந்தது.) அந்த ஆலை மூடிக் கிடக்கிறது. பெயர் மட்டும் நிற்கிறது.

குடியானவர் வீட்டுப் பிள்ளை

ஸ்காட்லாந்து நாட்டில் டிரெகார்ன் என்று ஒரு கிராமம். அங்கே குடியானவர் வீட்டில் 1840 பிப்ரவரி 5ல் டன்லப் பிறந்தார். எடின்பரோ நகரத்தில் மிருக வைத்தியம் படித்தார். 19 வயதிலேயே பரீட்சையில் தேறிவிட்டார்.

1867ல் அயர்லாந்துக்குக் குடிபோனார். பின்னர் பெல்பாஸ்ட் நகரத்தில் வைத்தியசாலை வைத்தார். கைராசிக்காரர். அயர்லாந்திலேயே பெரிய மிருக வைத்தியசாலைகளில் ஒன்றாக அது வளர்ந்தது. தொழிலுக்கு வேண்டிய சின்னச் சின்ன ரப்பர் சாமான்களை அவரே செய்துகொள்வார். அந்தக் கைப்பழக்கம் பின்னால் உதவியது.

ஒரு மகள், ஒரு மகன். மகன் பெயர் ஜானி. இவன்தான் இந்தக் கதையின் இன்னொரு நாயகன்.

மகன் பட்ட பாடு

1887ல் ஜானிக்கு வயது எட்டு, ஒன்பது இருக்கும். மூன்று சக்கர சைக்கிள் ஒன்று வைத்திருந்தான். அதன் சக்கரங்களுக்குக் கெட்டி ரப்பர் வார்தான் போட்டிருந்தது. பெல்பாஸ்ட் தெருக்களிலோ கருங்கல் பாவியிருந்தது. நடுவில் டிராம் தண்டவாளம் வேறு! ஒவ்வொரு கல்லும் பையனின் முதுகெலும்பைத் தட்டியது. சத்தமோ சொல்ல வேண்டாம்.

மகன் படும் அவஸ்தையைத் தகப்பனார் பார்த்தார். தெருவை மாற்ற அவரால் முடியாது. சக்கரத்தை மாற்றலாம் அல்லவா? கல்லுக்கும் சக்கரத்துக்கும் நடுவே மெத்தையாக எதை வைப்பது என்று யோசித்தார். காற்றையே வைத்தால் என்ன என்று தோன்றியது.

மரத்தில் வட்டமாக ஒரு தட்டு செய்தார். மெல்லிய ரப்பர் தகட்டைக் குழாயாக ஒட்டி அதன் விளிம்பில் சுற்றினார். மேலே துணியைப் போர்த்தி ஆணி அடித்தார். கால்பந்துக்குக் காற்றடிக்கும் பம்பினால் காற்றை ஏற்றினார்.

பிறகு வைத்தியசாலை முற்றத்தில் பரீட்சை நடந்தது. முதலில் ஜானியின் சைக்கிள் சக்கரத்தைக் கழற்றி உருட்டிவிட்டார். அது பாதி வழியில் தள்ளாடி விழுந்தது. அடுத்து காற்றுச் சக்கரத்தை உருட்டினார். அது முற்றம் முழுவதும் ஓடி, எதிரே இருந்த கதவில் மோதித் துள்ளியது!

1888 தொடக்கத்தில் சைக்கிளின் பின்சக்கரம் இரண்டுக்கும் காற்று டயர் மாட்டினார். பொழுது விடியும்வரை காத்திருக்கப் பையனுக்குப் பொறுமை இல்லை. இரவு என்றும் பாராமல் நிலா வெளிச்சத்தில் தெருவுக்கு ஓட்டிப் போய்விட்டான். கடகடவென்று முழங்கிய கற்கள் அன்று ஊமையாயின.

1888 டிசம்பர் 7ல் காற்று டயருக்கு டன்லப்பின் பெயரில் காப்புரிமை கிடைத்தது. திருத்தணியில் டாக்டர் ராதாகிருஷ்ணன் பிறந்ததும் அதே 1888ல்தான்.

சிரித்தவர்கள் தோற்றார்கள்

1889 மே 18ல் பெல்பாஸ்ட் குயின்ஸ் கல்லூரியில் சைக்கிள் பந்தயம். வில்லி ஹியூம் என்பவர் காற்று டயர் மாட்டிய சைக்கிளோடு வந்து நின்றார். பருத்த டயரைக் கண்டு கூட்டம் சிரித்தது. பந்தயம் முடிந்தபோது சிரிப்பு நின்றது. கலந்துகொண்ட நான்கு பந்தயங்களிலும் அவருக்கே வெற்றி!

தோற்றவர்களில் ஹார்வி டு குரோ என்ற வியாபாரியின் புதல்வர்களும் உண்டு. அவர் கெட்டிக்காரர். தோல்விக்கு வருந்திக்கொண்டிராமல் டயரைத் தயாரிக்க அந்த ஆண்டே டப்ளின் நகரத்தில் கம்பெனி ஆரம்பித்தார். டன்லப் காப்புரிமையைக் கம்பெனிக்குக் கொடுத்துப் பங்குகள் பெற்றார்.

விழுந்தது இடி

மறு ஆண்டே இடி விழுந்தது. காப்புரிமை செல்லாது என்று தெரிய வந்தது. ராபர்ட் வில்லியம் தாம்சன் என்ற மற்றொரு ஸ்காட்லாந்துக்காரர் 1845லேயே, டன்லப் ஐந்து வயதுக் குழந்தையாக இருந்தபோதே, காற்றுச் சக்கரத்துக்குக் காப்புரிமை வாங்கியிருந்தார்! வண்டி ஓடும்போது எழும் சத்தத்தைக் குறைப்பதும் ஒரு நோக்கம் என்று அந்தப் பத்திரத்திலேயே எழுதியிருந்தது. தாம்சன் லண்டனில் குதிரை வண்டிகளுக்கு அதைப் பூட்டி ஓட்டியும் காட்டினார். சைக்கிளும் மோட்டாரும் வராத காலம். செலவும் அதிகம். உலகம் அதை மறந்துவிட்டது. தாம்சன் 1873ல் இறந்தார்.

டன்லப் யாரையும் பார்த்துச் செய்யவில்லை. மகனுக்காகத் தானே யோசித்துச் செய்தார். ஆனால் சட்டத்துக்கு முந்தியவர்தான் முக்கியம். டயரைச் சக்கரத்தில் கழற்றி மாட்ட வழி கண்ட வேறு இருவரின் காப்புரிமைகளை வாங்கித்தான் கம்பெனி பிழைத்தது.

1895ல் டன்லப் கம்பெனியை விட்டு விலகினார். பங்குகளில் பெரும்பகுதியை விற்றுவிட்டார். அடுத்த ஆண்டு, 1896ல், அந்தக் கம்பெனி 30 லட்சம் பவுனுக்கு விலை போயிற்று. வாங்கியவர் அதை 50 லட்சம் பவுனுக்குக் கைமாற்றினார். உலகமெல்லாம் பெயர் மட்டும் டன்லப்!

காருக்கு வந்த காற்று

அவர் விலகிய அதே 1895ல் பிரான்சு தேசத்து மிச்சலின் சகோதரர்கள் காற்று டயர் மாட்டிய மோட்டார் காரைப் பந்தயத்தில் ஓட்டினார்கள். வழியெல்லாம் பஞ்சர். பரிசு கிடைக்கவில்லை. ஆனாலும் காருக்குக் காற்று டயர் உதவும் என்பது தெரிந்துவிட்டது.

தொடக்கக் காலத்துக் கார் டயர்கள் ஒல்லியானவை. இறுக்கமாகக் காற்றடிக்க வேண்டும். ஆகவே இரைச்சல் முழுவதும் போகவில்லை. 1920களில் குறைந்த காற்றில் ஓடும் பருத்த பலூன் டயர்கள் வந்த பிறகுதான் காருக்குள் பேச்சு ஓரளவு கேட்டது.

பழைய காரைப் புதுப்பிப்பவர்கள் இன்றைக்கும் டயரைக் கவனிக்க வேண்டியிருக்கிறது. ஆண்டுக்கணக்கில் நின்ற காரில் டயரின் பட்டன் தேயாமலே இருக்கலாம். ஆனால் ரப்பர் இறுகிக் கட்டையாகியிருக்கும். அதைக் கழற்றி எறிந்துவிட்டு, அதே அளவில் புதியது போட வேண்டும். காற்றையும் அளவுக்கு மேல் அடிக்கக் கூடாது. மீறினால் கல்லெல்லாம் உள்ளே பேசும்.

பிறகு வண்டிக்குள் வரலாம். ஸ்பிரிங் பட்டையில் தேய்ந்த புஷ்களை மாற்ற வேண்டும். உடலுக்கும் சட்டத்துக்கும் நடுவே ரப்பர் திண்டு வைக்க வேண்டும். என்ஜின் பக்கத்துத் தகட்டில் ஒயர் வரும் ஓட்டைகளை ரப்பர் வளையம் போட்டு அடைக்க வேண்டும். கதவு ஓரத்துக்கு பீடிங், தரைவிரிப்புக்கு அடியில் தடித்த கம்பளி. இவை வெளியே தெரியாதவை. காரின் பழைய அழகு கெடாது. இரும்பும் இரும்பும் உரசும் இடத்தில் மெத்தென்று எதையாவது வைக்கும் இந்த யோசனை, பெல்பாஸ்ட் முற்றத்தில் டன்லப் செய்ததுதான்.

டன்லப் டப்ளினில் ஒரு ஜவுளிக் கடையில் பங்கு வைத்துக்கொண்டு, நீண்ட வெண்தாடியோடு கடைசிக் காலத்தைக் கழித்தார். 1921 அக்டோபர் 23ல், 81வது வயதில் காலமானார். அவர் செய்த முதல் டயர், இளமையில் அவர் படித்த எடின்பரோ நகரத்தின் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.