எழுதப் பழகாமல் எழுத்தாளரானவர்

துப்பறியும் கதை என்றவுடன் நம் மாணவ நண்பர்களின் நினைவுக்கு வருவோர் ஷெர்லாக் ஹோம்ஸும் தமிழ்வாணனின் சங்கர்லாலும்தான். இருவரும் ஆண்கள், அவர்களைப் படைத்தவர்களும் ஆண்களே. இங்கிலாந்திலே அகதா கிறிஸ்டி என்னும் அம்மையார், மிஸ் மார்ப்பிள் என்ற திருமணமாகாத மூதாட்டியை வைத்து 1930-ல் ஒரு நாவல் வெளியிட்டார். அமைதியான சிற்றூர், அங்கே ஒரு கொலை, போலீசார் திகைத்து நிற்கிறார்கள். கம்பளி பின்னிக்கொண்டே ஊர்ப்பேச்சைக் காதில் வாங்கும் அந்தப் பாட்டி குற்றவாளியைக் காட்டிக் கொடுக்கிறார். உலகமே அதைக் கொண்டாடியது.

அதற்கு ஐந்தாண்டுகள் முன்பே, 1925-ல், நம் சென்னைத் திருவல்லிக்கேணியில் ஒரு பெண்மணி துப்பறியும் பாணியில் நாவல் எழுதிப் பத்திரிகையில் வெளியிட்டார் என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? அவர்தாம் வை. மு. கோதைநாயகி அம்மாள். தமிழில் துப்பறியும் நாவல் எழுதிய முதல் பெண்மணி என்று அவரைச் சொல்வார்கள்.

1901 டிசம்பர் முதல் நாள் பிறந்தவர். தாய் முகம் மனத்தில் பதியும் முன்பே தாயை இழந்தார். பாட்டியும் சிற்றப்பா குடும்பத்தாரும் வளர்த்தனர். ஐந்தரை வயதில் கல்யாணம்! மணமகன் வை. மு. பார்த்தசாரதிக்கு ஒன்பது வயது. பள்ளிக்கூட வாசலை மிதிக்காமலே மருமகளாகி விட்டார். வீட்டில் ஓதப்படும் பாசுரங்களையும் சொல்லப்படும் கதைகளையும் காதால் கேட்டே தமிழ் அறிந்தார். கணவருக்கு நாடகத்தில் பெரும் பற்று. மனைவியையும் உடன் அழைத்துச் செல்வார். அக்காலத்தில் இது சாதாரணமன்று.

பார்த்த நாடகங்களை அசை போட்ட மனம் தானும் ஒன்று படைக்க விரும்பியது. ஆனால் கை? படிக்க வந்ததே தவிர, சரளமாக எழுதப் பழகவில்லை. பட்டம்மாள் என்ற தோழியை உட்கார வைத்து, இவர் வாயால் சொல்லச் சொல்ல அவர் எழுதினார். அப்படிப் பிறந்ததுதான் 'இந்திர மோகனா' என்ற நாடகம். பிறகு தாமே எழுதக் கற்றுக்கொண்டார். எங்கள் சித்தையன்கோட்டையில் கைநாட்டு வைக்கும் பாட்டிமார் நிலவொளியில் சொல்லும் கதைகளைக் கேட்டவன் நான். அவர்கள் பக்கத்தில் ஒரு பட்டம்மாள் உட்காரவில்லையே என்று பலமுறை நினைத்ததுண்டு.

தமிழில் துப்பறியும் கதை அதற்கு முன் இல்லாமலில்லை. பண்டித நடேச சாஸ்திரியாரின் 'தானவன்' 1894-லேயே வந்துவிட்டது. ஆரணி குப்புசாமி முதலியாரும் வடுவூர் துரைசாமி ஐயங்காரும் மர்ம நாவல்களால் வாசகரைக் கட்டிப் போட்டிருந்த காலம் அது. வடுவூரார்தாம் அம்மையாருக்கு ஊக்கமளித்தார். நின்று போயிருந்த 'ஜகன்மோகினி' பத்திரிகையை 1925-ல் அம்மையார் ஏற்று நடத்தத் தொடங்கினார். அதில் தொடராக வந்ததே 'வைதேகி'.

வந்தது புயல்! ஒரு குடும்பப்பெண் பத்திரிகை நடத்துவதா என்று வசை பாடினர். இதை இவளா எழுதினாள், எவனோ எழுதிக் கொடுத்திருப்பான் என்றும் பேசினர். இந்த இரண்டாவது பழி முதலாவதை விடக் கொடியது என்பது என் எண்ணம். பத்திரிகையை நிறுத்தினால் முதல் வசை ஓய்ந்துவிடும். பிறர் எழுதியது என்ற பேச்சோ அப்போதும் நிற்காது. அவர் நிறுத்தவில்லை. மறுப்பு எழுதிக் கொண்டிராமல் அடுத்த நாவலை எழுதினார், அதற்கடுத்ததையும் எழுதினார். மொத்தம் 115 நாவல்கள்! அத்தனையும் ஒருவன் ஒளிந்திருந்து எழுதிக் கொடுக்க முடியுமா என்ன?

அவற்றில் சில பக்கங்கள் இன்றைய வாசகருக்குச் சலிப்பூட்டும் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். உபதேசம் மிகுதி, எதிர்பாராத சந்திப்புகளும் அதிகம். விறுவிறுப்பில் தொடங்கியவர் போகப் போக மர்மத்தைக் கைவிட்டு விதவை மறுமணம், வரதட்சிணை, மதுவிலக்கு என்று சமூகத்தின் பக்கம் திரும்பினார். குற்றவாளியைத் தேடுவது நின்றுவிட்டது என்று சொல்ல மாட்டேன். கத்தி ஏந்திய ஆளுக்குப் பதில் வழக்கங்களைக் கூண்டில் ஏற்றினார்.

1925-ல் சென்னை வந்த காந்தியடிகளை, சீனிவாச ஐயங்கார் இல்லத்தில் சந்தித்தார். பட்டையும் நகையையும் துறந்து கதருக்கு மாறினார். நல்ல குரல்வளம் உடையவராதலால் காங்கிரஸ் மேடைகளில் பாடினார், பேசினார். மறியலில் ஈடுபட்டு, 1930-களின் தொடக்கத்தில் வேலூர்ச் சிறை சென்றார். அங்கும் பேனா ஓயவில்லை; 'உத்தமசீலன்' சிறையில் எழுதியது. உடனிருந்த பெண் கைதிகளின் வாழ்க்கையைக் கேட்டறிந்து 'சோதனையின் கொடுமை' என்ற நாவலைப் படைத்தார். அவர் சிறையிலிருந்தபோது பத்திரிகையைக் கவனித்துக் கொண்டவர் கணவர். கோதைநாயகியாரைப் போற்றுவோர் பார்த்தசாரதியாரை மறப்பது நன்றன்று.

பின்னர் சொந்த அச்சகமும் அமைந்தது. உலகப் போரின்போது சென்னையை விட்டு மக்கள் ஓடிய நாட்களில் சிங்கப்பெருமாள் கோயிலுக்குக் குடிபெயர்ந்தும் பத்திரிகையை விடவில்லை. 35 ஆண்டுகள் அதை நடத்தினார்.

1956-ல் ஒரே மகன் சீனிவாசன் மறைந்தார். அந்த அடியிலிருந்து அம்மையார் மீளவில்லை. 1960 பிப்ரவரி 20 அன்று கண் மூடினார். ஆறு ஆண்டுகள் கழித்து 1966-ல், பத்மினி நடித்த 'சித்தி' திரைப்படம் வெளிவந்து ஊரூராய் ஓடியது. அதன் மூலக்கதை கோதைநாயகியாரின் 'தயாநிதி'.