மாநிலத்துக்குப் பெயர் வைத்த காஞ்சிபுரத்துப் பிள்ளை

காஞ்சிபுரம். பட்டுக்கும் கோவிலுக்கும் பேர்போன ஊர்.

அங்கே நெசவாளர் குடும்பம் ஒன்றில், 1909-ம் ஆண்டு செப்டம்பர் 15-ந் தேதி ஒரு ஆண் குழந்தை பிறந்தது. அதுதான் பின்னாளில் நாடே அண்ணா என்று அழைத்த அண்ணாதுரை.

குடும்பத்தில் கஷ்டம். படிப்பை நிறுத்திவிட்டு, நகரசபை ஆபீசில் குமாஸ்தா வேலை பார்த்தார். பிறகு சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்து எம்.ஏ. பட்டம் பெற்றார். 1949-ல் தி.மு.கழகத்தைத் தொடங்கினார்.

கைவிட்ட கோரிக்கை

முதலில் அவர் கேட்டது தனித் திராவிட நாடு. 1962-ல் ராஜ்ய சபையிலும் அதையே பேசினார். அதே ஆண்டு சீனப் படை எல்லையில் புகுந்தது. 1963-ல் பிரிவினைக்கு எதிராக அரசியல் சட்டம் திருத்தப்பட்டது. அண்ணா அந்தக் கோரிக்கையைக் கைவிட்டார். இந்தியாவுக்குள்ளேயே மாநிலத்துக்கு அதிக அதிகாரம் கேட்டார்.

சாவி யாரிடம்?

அது என்ன அதிகாரம்?

முசரவாக்கத்தில் ஒரு கூட்டுக் குடும்பம் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். நிலப் பத்திரம் தாத்தாவிடம். நெற்குதிர் மருமகள் பொறுப்பு. சில காரியங்களை இருவரும் கலந்து செய்யவேண்டும்.

அரசியல் சட்டமும் இப்படி மூன்று பட்டியல் போட்டிருக்கிறது. ராணுவமும் ரெயிலும் மத்திய சர்க்காருக்கு. போலீசும் விவசாயமும் மாநிலத்துக்கு. திருமணம் போன்றவை இருவருக்கும் பொது.

எந்தப் பட்டியலிலும் இல்லாத அதிகாரம்? இங்கே அது மத்திய சர்க்காருக்கு. அமெரிக்காவிலோ, 1791-ல் வந்த திருத்தத்தின்படி, மத்திய சர்க்காருக்குக் கொடுக்காத அதிகாரம் மாநிலங்களுக்கும் மக்களுக்கும் உரியது. அந்த அமெரிக்காவுக்கு 1968-ல் யேல் பல்கலைக்கழக விருந்தினராக அண்ணா போய்வந்தார்.

பெயர் வந்தது

1967-ல் அண்ணா முதல்-மந்திரி ஆனார். புரோகிதர் இல்லாத சுயமரியாதைத் திருமணமும் செல்லும் என்று சட்டசபை சட்டம் செய்தது. அது பொதுப் பட்டியல் விஷயம். 1968 ஜனவரியில் ஜனாதிபதி ஒப்புதல் தந்த பிறகே அமலுக்கு வந்தது.

சென்னை ராஜ்யத்துக்குத் தமிழ்நாடு என்று பெயர் வைக்க, 1967 ஜூலை 18-ந் தேதி சட்டசபை தீர்மானம் போட்டது. ஆனால் நம் நாட்டில் மாநிலம் தன் பெயரைத் தானே மாற்ற முடியாது. பார்லிமெண்டு சட்டம் செய்யவேண்டும். அமெரிக்காவில் ரோட் ஐலண்டு மாநில மக்கள், 2020-ல் தாங்களே ஓட்டுப் போட்டுத் தங்கள் மாநிலத்தின் நீண்ட பெயரைச் சுருக்கிக்கொண்டார்கள்!

1968-ல் பார்லிமெண்டு சட்டம் செய்தது. 1969 ஜனவரி 14-ந் தேதி தமிழ்நாடு என்ற பெயர் அமலுக்கு வந்தது.

அப்போது அண்ணா புற்றுநோயால் வாடிக்கொண்டிருந்தார். சரியாக 20 நாள். பிப்ரவரி 3-ந் தேதி கண்மூடினார்.

ஆசைப்பட்ட பெயரைக் கண்ணால் பார்த்துவிட்டார். கேட்ட அதிகாரத்தைப் பார்க்கவில்லை.