பீங்கான் கோப்பையும் மண் குவளையும்: பந்துவீச்சாளர் பல்வங்கர் பாலு

ஒரு தலைமுறையின் ஆகச் சிறந்த பந்துவீச்சாளர் யார் என்னும் விவாதம் விருத்தாசலத்துக் கல்லூரி மாணவர்களிடையே ஓய்வதில்லை. பும்ரா என்பர் சிலர். அஸ்வின் என்பர் வேறு சிலர். மூத்தவர்கள் பேடியையும் பிரசன்னாவையும் வெங்கட்ராகவனையும் முன்வைப்பர். இவ்விவாதத்தை இன்னும் பின்னோக்கி நகர்த்த வேண்டும் என்பது நம் கோரிக்கை. இந்தியா முதல் டெஸ்ட் ஆட்டத்தை ஆடிய 1932க்கு முன்பே, இந்நாட்டின் தலைசிறந்த பந்துவீச்சாளராகத் திகழ்ந்தவர் பல்வங்கர் பாலு. அவர் ஒரு தலித்.

1876இல் தார்வாடில், தோல் தொழிலோடு பிணைக்கப்பட்ட சமார் சாதியில் பிறந்தார். தந்தை இராணுவத்தைச் சார்ந்த பணியில் இருந்ததால் குடும்பம் புனாவுக்கு வந்தது. ஆங்கில அதிகாரிகள் கழித்துப்போட்ட மட்டைகளையும் பந்துகளையும் கொண்டு பாலுவும் தம்பி சிவராமும் ஆடப் பழகினர். பார்சிகளின் சங்கமொன்றில் ஆடுகளத்தைப் பெருக்கி உருளை இழுப்பதே அவரது முதல் வேலை. மாதம் 3 ரூபாய் ஊதியம். 1892 வாக்கில் வெள்ளையரின் புனா சங்கத்திற்கு மாறியபோது அது 4 ரூபாய் ஆயிற்று. ஆடுகளத்தைச் செப்பனிடுவது, கோடு கிழிப்பது, வலை கட்டுவது ஆகியவற்றோடு உறுப்பினர்களுக்குப் பயிற்சிப் பந்து வீசுவதும் அவரது கடமையானது.

ஜே.ஜி. கிரெய்க் என்னும் அதிகாரி, அக்காலத்தின் மிகச்சிறந்த மட்டையாளர்களுள் ஒருவர், பிறர் வருமுன்பே மைதானம் வந்து பாலுவை மணிக்கணக்கில் பந்துவீசச் செய்தார். தம்மை ஆட்டமிழக்கச் செய்யும் ஒவ்வொரு முறையும் எட்டணா கொடுத்தார் என்றொரு செவிவழிச் செய்தி உண்டு. மெதுவான இடக்கைச் சுழல், இரு பக்கமும் திரும்பும் பந்து, சலிக்காத துல்லியம் ஆகியவை இந்த உழைப்பில் விளைந்தவை. ஆயினும் அங்கே அவர் கையில் ஒருநாளும் மட்டை கொடுக்கப்படவில்லை. மட்டையாடுவது கனவான்களுக்குரியது, பந்துவீச்சு ஊழியர்களின் வேலை. பாலுவின் மட்டையாட்டக் கணக்கைச் சுட்டிக் குறை சொல்வோர் இதை நினைவிற்கொள்ள வேண்டும்.

வெள்ளையரை வெல்ல விரும்பிய புனாவின் இந்து அணி, தயக்கத்திற்குப் பின் அவரைச் சேர்த்துக்கொண்டது. களத்தில் அவர் தொட்ட பந்தைப் பார்ப்பனரும் தொட்டனர். தேநீர் இடைவேளையில் மட்டும் விதி மாறியது. மற்றவர்கள் உள்ளே பீங்கான் கோப்பையில் பருக, பாலுவுக்கு அரங்கின் வெளியே, குடித்ததும் எறிந்துவிடும் மண் குவளை. உணவுக்குத் தனித் தட்டு, தனி இடம். கை கழுவ நீர் ஊற்றவும் இன்னொரு தலித் ஊழியரே வரவேண்டும்.

பீங்கான் நகரான விருத்தாசலத்தின் வாசகர்களுக்கு இதன் பொருளை விளக்கத் தேவையில்லை. மெருகேற்றிச் சுட்ட பீங்கான் எதையும் உறிஞ்சாது, கழுவினால் போதும். மண் குவளை ஈரத்தை உள்ளே வாங்கிக்கொள்ளும். ஆகவே தீட்டு பட்ட மண்கலத்தை உடைத்தெறிய வேண்டும் என்பது சாதியின் தர்க்கம். கழுவக்கூடிய கோப்பை இருந்தும், எறியக்கூடிய குவளையே ஒருவருக்கு ஒதுக்கப்பட்டது. நம் தேநீர்க் கடைகளில் இரட்டைக் குவளையாகத் தொடர்ந்ததும் இதே தர்க்கம்தான்.

சதாராவில் வெள்ளையர் அணியை ஏழு விக்கெட் எடுத்துப் பாலு வீழ்த்திய பின், சேர்ந்து ஆடத் தக்கவருடன் சேர்ந்து உண்ணத் தடை ஏன் என்று மகாதேவ கோவிந்த ரானடே கேட்டார். சீர்திருத்தவாதிகள் மகிழ்ந்தனர். பந்து வீசும் ஆற்றல் இல்லாத ஒரு தலித்துக்காக அக்கேள்வி எழுந்திருக்குமா என்பது நம் ஐயம்.

1896இன் பிளேக் நோய்க்குப் பின் பம்பாய் சென்ற பாலு, ரயில்வேயில் பணியாற்றியபடி இந்து ஜிம்கானாவுக்கு ஆடினார். 1906 பிப்ரவரியில் ஐரோப்பியரை இந்துக்கள் 109 ஓட்டங்களில் வென்றபோது இரு இன்னிங்ஸிலும் சேர்த்து எட்டு விக்கெட் அவருடையது. 1911இல் பாட்டியாலா மகாராஜாவின் தலைமையில் இங்கிலாந்து சென்ற அணி பெரும்பாலான ஆட்டங்களில் தோற்றது. மகாராஜாவுக்கு விருந்துகளே முக்கியமாயின. தோள்வலியோடு ஆடிய பாலுவோ சராசரி 18.84 ஓட்டங்களில் 114 விக்கெட் சாய்த்தார். முதல்தர ஆட்டங்களில் அவரது மொத்தக் கணக்கு 33 ஆட்டம், 179 விக்கெட், சராசரி 15.21. இக்கணக்கு அவரது முப்பதாம் வயதை ஒட்டித்தான் தொடங்குகிறது.

அமெரிக்க பேஸ்பால் ஆட்டத்தின் மாபெரும் பந்தெறியாளர்களுள் ஒருவரான சாட்செல் பெய்ஜ் கறுப்பர் என்பதால், பெரிய லீக்கில் இடம்பெற 1948 வரை, தம் 42ஆம் வயது வரை காத்திருந்தார். கறுப்பர் லீக்குகளின் கணக்குகள் 2024இல்தான் பெரிய லீக்கின் ஏடுகளில் இணைக்கப்பட்டன. பாலு புனா வலைகளில் வீசிய ஆண்டுகளுக்குக் கணக்கேடே இல்லை.

அணித்தலைவர் பதவி கடைசிவரை அவருக்குத் தரப்படவில்லை. 1920இல் அவர் அணியிலிருந்தே நீக்கப்பட்டார். உடல்நலம் குன்றிய தலைவர் பைக்குப் பதிலாக, தகுதியிருந்த தம்பியரைத் தாண்டித் தேவ்தருக்குப் பொறுப்பு போனது. சிவராமும் விட்டலும் வெளிப்படையாக எதிர்த்து விலகினர். இறுதியாட்டத்தில் மூவரும் திரும்பினர், பாலு துணைத்தலைவரானார். பை களத்தைவிட்டு வெளியேறிச் சிறிது நேரம் பாலு அணியை நடத்த வழிவிட்டார். 1923இல் விட்டல் முழுத் தலைவரானார். கருணையால் அன்று, சகோதரர்கள் விலகி நின்றதால் கிடைத்தது அது.

1911இல் பாலு ஊர் திரும்பியபோது பம்பாயின் தாழ்த்தப்பட்ட மக்கள் அளித்த வரவேற்பில் இளம் அம்பேத்கருக்குப் பங்கிருந்ததாக வரலாற்றாசிரியர்கள் கூறுவர். பின்னாளில் இருவரும் எதிரெதிரே நின்றனர். தனித் தொகுதிக் கேள்வியில் பாலு நம் எம்.சி. ராஜாவின் பக்கம் சாய்ந்தார். 1932இல் புனா ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். 1937 தேர்தலில் அம்பேத்கரை எதிர்க்கக் காங்கிரசு அவரை நிறுத்தியது. சுமார் 2,000 வாக்குகளில் பாலு தோற்றார்.

இதன் பொருட்டே அவரைப் பேசாது கடக்கும் தோழர்கள் உள்ளனர். அவரது அரசியல் முடிவை நாமும் ஏற்கவில்லை. அம்பேத்கரின் வெற்றி வரலாற்றுத் தேவை. ஆனால் மண் குவளையில் தேநீர் கொடுத்தவர்களின் வாரிசுகள் மறந்த பெயரை நாமும் மறப்பது அவர்கள் வேலையை எளிதாக்கும். 1955 ஜூலை 4 அன்று பம்பாயில் பாலு மறைந்தார். இங்கிலாந்துக்காக ஆடிய ரஞ்சியின் பெயரில் இந்நாட்டு முதல்தரக் கோப்பை தொடங்கி அப்போது இருபதாண்டு கடந்திருந்தது.