செடி பார்த்த கண்ணால் தெருவைப் பார்த்தவர்

சமூகவியல் என்றால் கலைப்பிரிவு மாணவர்களின் சங்கதி என்றே நான் எண்ணியிருந்தேன். அந்த எண்ணத்தை மாற்றியவர் நம்மைப் போல அறிவியலில் தொடங்கிய பேட்ரிக் கெடிஸ்.

1854இல் ஸ்காட்லாந்தில் பிறந்த அவர், இலண்டனில் ஹக்ஸ்லியிடம் உயிரியல் பயின்றார். மெக்சிகோவில் ஆராய்ச்சி செய்தபோது பார்வை மங்கி, சிலகாலம் இருட்டறையில் கிடக்க நேர்ந்தது. நுண்ணோக்கியைக் கண் தாங்காது போகவே, மனம் மனிதர் பக்கம் திரும்பிற்று. செடியை மண்ணோடும் மழையோடும் சேர்த்துப் பார்ப்பதுபோல, மனிதரை இடம், தொழில், மக்கள் என்னும் மூன்றையும் சேர்த்துப் பார்ப்பதே அவர் கண்ட வழி. 1886இல் மணமானதும் எடின்பரோவின் நெரிசலான பழங்குடியிருப்பு ஒன்றில் மனைவியுடன் குடியேறி, அண்டை வீட்டாரோடு சேர்ந்து கூட்டிப் பெருக்கி வெள்ளையடித்தார்.

1914இல் சென்னை ஆளுநர் பெண்ட்லண்டு பிரபுவின் அழைப்பின்பேரில் இந்தியா வந்தார். அவருடைய கண்காட்சிப் பொருள்களை ஏற்றிவந்த கப்பலை எம்டன் மூழ்கடித்தது. தளராமல் மீண்டும் திரட்டி, 1915இல் சென்னையில் காட்சிக்கு வைத்தார். தஞ்சையையும் மதுரையையும் பார்வையிட்டு அறிக்கை எழுதினார். நேர்சாலைக்காக வீடுகளை வரிசையாக இடிப்பதை எதிர்த்து, பாழடைந்த சிலவற்றை மட்டும் அகற்றினால் காற்றும் வெளிச்சமும் வரும் என்று காட்டினார்.

பிளேக் அன்று உலகை அச்சுறுத்திய நோய். இந்தூரில் அதை விரட்ட அவர் தீபாவளியைத் துணைக்கழைத்தார். நன்றாகச் சுத்தம் செய்த தெருக்கள் வழியேதான் ஊர்வலம் வரும் என்று அறிவித்ததும், ஊரே துடைப்பம் எடுத்தது! 1917இல் மகனைப் போரிலும், மனைவியை நோயிலும் பறிகொடுத்தார். ஆயினும் 1919இல் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தின் முதல் சமூகவியல் பேராசிரியரானார். 1932இல், நம் திருப்பூர்க் குமரன் மாண்ட அதே ஆண்டில், பிரான்சில் காலமானார்.

இவரைப் படித்தபின் நானும் ஒரு நோட்டுடன் எங்கள் லைன் வீட்டைச் சுற்றினேன். பன்னிரண்டு அறைகள், தமிழ், ஒடியா, போஜ்புரி, வங்காளம் என நான்கு மொழிகள், ஒரே குழாய். தண்ணீர்ச் சண்டைக்கு வடக்கத்தியரே காரணம் என்று நானும் சொல்லி வந்தவன்தான். எந்த அறையில் யார் எப்போது வேலைக்குப் போகிறார்கள் என்று குறித்தபோதுதான் உண்மை தெரிந்தது. பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கும் என் அம்மா புறப்படும் நேரமும், ஒடியாக்காரத் தம்பிகள் நைட் ஷிப்ட் முடிந்து வரும் நேரமும் ஒன்றே! சண்டை மொழியில் இல்லை, மணியில் இருந்தது. இப்போது முறை வைத்துத் தண்ணீர் பிடிக்கிறோம்.

நண்பர்களே, என் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். படிப்பு எதற்கு என்று அம்மா கேட்டால், இனி அந்த நோட்டைக் காட்டுவேன்.