ஒரு கிராம் ரேடியம்

1920ஆம் ஆண்டளவில் ஒரு கிராம் ரேடியத்தின் விலை ஏறத்தாழ ஓர் இலட்சம் டாலர். அத்தனிமத்தைக் கண்டறிந்த மேரி கியூரி அம்மையாரிடமோ, தம் ஆய்வுக்குத் தேவைப்பட்ட இன்னொரு கிராமை வாங்கும் அளவுக்குப் பொருள் இல்லை.

மேரி 1867ஆம் ஆண்டு நவம்பர் 7ஆம் நாள் போலந்து நாட்டின் வார்சா நகரில் ஆசிரியர் குடும்பத்தில் பிறந்தார். உருசிய ஆட்சியின்கீழ் இருந்த அந்நகரின் பல்கலைக்கழகத்தில் பெண்களுக்கு இடமில்லை. எனவே, செல்வர் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தந்து, அவ்வூதியத்தால் தம் தமக்கை பாரிசில் மருத்துவம் பயில உதவினார். 1891இல் தாமும் அங்குச் சென்று இயற்பியலும் கணிதமும் கற்றார். 1895இல் இயற்பியல் அறிஞர் பியர் கியூரியை மணந்தார்.

1898இல் பொலோனியம், ரேடியம் என்னும் இரு புதிய தனிமங்கள் உள்ளன என்று இருவரும் அறிவித்தனர். பிரித்துக் காட்டாத ஒன்றை வேதியியலார் எளிதில் ஏற்கவில்லை. அதற்கென அவர்களுக்குக் கிடைத்தது மழை ஒழுகும் கொட்டகை ஒன்று; முன்பு மருத்துவ மாணவர் பிணக்கூறு பயின்ற இடம். அங்கே டன் கணக்கான பிட்ச்பிளெண்டு கனிமக் கழிவைக் கொப்பரைகளில் காய்ச்சி, ஏறத்தாழத் தம் உயரமுள்ள இரும்புக் கோலால் நாள் முழுதும் கிளறினார் மேரி. 1902இல் கைக்கு வந்தது கிராமில் பத்தில் ஒரு பங்கு ரேடியம் குளோரைடு!

மருத்துவத்தில் அதன் பயன் தெரிந்ததும் தொழில்துறையினர் ஆர்வம் கொண்டனர். அமெரிக்கப் பொறியாளர் சிலர் பிரித்தெடுக்கும் முறையைக் கேட்டு மடல் எழுதினர். காப்புரிமை பெற்றிருந்தால் பெருஞ்செல்வம் சேர்ந்திருக்கும். கணவனும் மனைவியும் கலந்து பேசினர். பேச்சு நெடுநேரம் நீளவில்லை. கேட்டவற்றையெல்லாம் எழுதி அனுப்பிவிட்டனர். அப்பணத்தில் நல்லதோர் ஆய்வகமேனும் அமைத்திருக்கலாமே என நண்பர்கள் குறைகூறினர். அதில் உண்மை இல்லாமலில்லை. 1906இல் வண்டியில் அடிபட்டு இறக்கும்வரை பியருக்குத் தக்க ஆய்வகம் வாய்க்கவே இல்லை. மேரியும் அவ்விழப்பை மறைத்ததில்லை. ஆனால், எடுத்த முடிவு சரியே என்பதில் இறுதிவரை உறுதியாக இருந்தார்.

1903இலும் 1911இலும் நோபல் பரிசுகள் வந்தன. பின்னர் அவரது தேவையை அறிந்த அமெரிக்கப் பெண்கள் நன்கொடை திரட்டி ஒரு கிராம் ரேடியம் வாங்கினர். 1921ஆம் ஆண்டு மே 20ஆம் நாள் குடியரசுத் தலைவர் ஹார்டிங் அதை வழங்குவதாக ஏற்பாடு. முந்தைய மாலையில் கொடைப் பத்திரத்தைப் படித்த மேரி திடுக்கிட்டார். கொடை அவர் பெயருக்கு எழுதப்பட்டிருந்தது. அப்படியானால் தமக்குப்பின் அது தம் மகள்களின் சொத்தாகிவிடும். ஆய்வகத்துக்கே உரியதாக மாற்ற வேண்டும் என்றார். விழா முடிந்து பார்த்துக்கொள்ளலாம் என்றவர்களுக்கு அவர் இணங்கவில்லை. அன்றிரவே வழக்கறிஞர் ஒருவரைத் தேடி அழைத்துவந்தனர். பத்திரம் திருத்தப்பட்ட பின்னரே கையொப்பமிட்டார்.

1934ஆம் ஆண்டு ஜூலை 4ஆம் நாள் மேரி மறைந்தார். அந்த ரேடியம் பாரிஸ் ஆய்வகத்துக்கே உரியதாக இருந்தது. மூத்த மகள் ஐரீன் அதே ஆய்வகத்தில் பணியாற்றிக்கொண்டிருந்தார்.