பதினான்கு வயதில் பள்ளிக்கு வந்தவர்

கண் தெரியாமலும் காது கேட்காமலும் கல்லூரிப் பட்டம் வாங்கிய ஹெலன் கெல்லரை நம் எல்லோருக்கும் தெரியும். நான் எழுதப்போவது அவருடைய டீச்சர் ஆன் சல்லிவனைப் பற்றி.

ஆன் 1866-ல் அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பிறந்தார். அயர்லாந்திலிருந்து பிழைக்க வந்த ஏழைக் குடும்பம். சுமார் ஐந்து வயதில் டிரக்கோமா என்ற கண்நோய் வந்து பார்வை மங்கிவிட்டது. பிறகு அம்மா இறந்துபோனார். 1876-ல் ஆனையும் தம்பி ஜிம்மியையும் டியூக்ஸ்பரி என்ற ஊரில் ஏழைகள் விடுதியில் சேர்த்துவிட்டார்கள். சில மாதத்திலேயே தம்பியும் இறந்துவிட்டான்.

ஒருநாள் விடுதியைப் பார்வையிட அதிகாரிகள் வந்தார்கள். ஆன் அவர்களிடமே போய், பள்ளிக்கூடம் போகணும் என்று கேட்டுவிட்டார். 1880-ல் பாஸ்டனில் இருந்த பெர்கின்ஸ் பார்வையற்றோர் பள்ளியில் சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது 14. தன் பெயரைக்கூட எழுதத் தெரியாது. என் வயசுதான்! இதைப் படித்ததும் எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஆனால் 1886-ல் அவர்தான் வகுப்பில் முதல் மாணவி. கண் ஆபரேஷனால் ஓரளவு பார்வையும் கிடைத்தது. உள்ளங்கையில் விரலால் பேசும் எழுத்தையும் அங்கேதான் கற்றார்.

1887 மார்ச் 3 அன்று ஹெலனின் வீட்டுக்கு வந்தார். ஹெலனுக்கு ஏழு வயதுகூட நிறையவில்லை. 19 மாதக் குழந்தையாக இருந்தபோது வந்த நோயில் பார்வையும் கேட்கும் சக்தியும் போய்விட்டன. பாவம் பிள்ளை என்று வீட்டில் எதற்கும் கண்டிக்கவில்லை. எல்லோர் தட்டிலும் கைவிட்டுச் சாப்பிடுவாள். ஆன் அவளை உட்காரவைத்து ஸ்பூனால் சாப்பிடப் பழக்கினார். ஏப்ரல் 5-ல் குழாயடியில் ஒரு கையில் தண்ணீர் விழ, மறு கையில் தண்ணீர் என்று எழுதினார். பொருளுக்குப் பெயர் உண்டு என்பது ஹெலனுக்கு அன்றுதான் புரிந்தது.

எனக்கு மிகவும் பிடித்தது இனிமேல்தான். அந்தக் குடும்பத்தில் 15 மாதக் குழந்தை ஒன்று இருந்தது. ஆன் அதைக் கவனித்தார். குழந்தைக்குப் பேச வராது, ஆனாலும் நாம் பேசிக்கொண்டே இருக்கிறோம், அதைக் கேட்டுத்தான் அது கற்றுக்கொள்கிறது. அதேபோல ஹெலனின் கையில் முழு வாக்கியமாக நாள் முழுக்கப் பேசினார். பதில் வரும்வரை காத்திருக்கவில்லை.

ஹெலன் 1904-ல் பட்டம் பெற்றார். பாடம் முழுவதையும் ஆன்தான் பக்கத்தில் உட்கார்ந்து அவர் கையில் எழுதினார். 1936-ல் ஆன் இறந்தபோது அவருடைய பார்வை முழுவதும் போயிருந்தது.

என் சித்தி பையனுக்கு மூணு வயசு. இன்னும் பேச்சு வரவில்லை. வளர்ந்தா சரியாயிடும் என்கிறார்கள். பேசாத பிள்ளை என்று நாங்களும் அவனோடு பேசுவதைக் குறைத்துவிட்டோம். இப்போது நான் தினமும் அவனோடு பேசுகிறேன். வட்டார வள மையத்தில் சிறப்பு ஆசிரியர் இருப்பதாக எங்கள் டீச்சர் சொன்னார்கள். வர்ற திங்கட்கிழமை சித்தியோடு நானும் போகிறேன். உங்கள் தெருவிலும் இப்படி ஒரு தம்பியோ தங்கையோ இருந்தால், அவர்களுக்கும் 14 வயது ஆகும்வரை காத்திருக்க வேண்டாம் தோழிகளே!

– 9-ஆம் வகுப்பு மாணவி