மஞ்சள் மாத்திரை தந்த சுப்பாராவ்

கடலூரிலோ சிதம்பரத்திலோ எந்த மருந்துக் கடையிலும் கிடைக்கும் சின்னஞ்சிறு மஞ்சள் மாத்திரை ஃபோலிக் அமிலம். அதைச் செயற்கையாக உருவாக்கிய குழுவுக்குத் தலைமை தாங்கியவர் சென்னையில் பயின்றவர் என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

எல்லாப்பிரகடா சுப்பாராவ் 1895 ஜனவரி 12இல் ஆந்திரத்துப் பீமவரத்தில் எளிய குடும்பத்தில் பிறந்தார். சென்னை மாநிலக் கல்லூரியிலும் பின்னர் மருத்துவக் கல்லூரியிலும் படித்தார். காந்தியடிகளின் அழைப்பை ஏற்றுக் கதராடை அணிந்தது அறுவைப் பேராசிரியர் ஒருவருக்குப் பிடிக்கவில்லை. தேர்ச்சி பெற்றும் எம்.பி.பி.எஸ். கிட்டாமல் எல்.எம்.எஸ். பட்டத்தோடு வெளியேறினார்.

அதைவிடப் பெரிய அடி வீட்டில் விழுந்தது. நம் வைத்தியர்கள் கிராணி என்பதை ஒத்த 'ஸ்ப்ரூ' என்னும் குடல்நோய்க்கு உடன்பிறந்தார் இருவரைச் சில நாள் இடைவெளியில் பறிகொடுத்தார். உணவின் சத்து உடலில் ஒட்டாமல், இரத்தம் வற்றி, ஆள் உருகிப்போகும் நோய் அது. அவரையும் அது பற்றியது. டாக்டர் லட்சுமிபதியின் ஆயுர்வேத சிகிச்சையால் பிழைத்தார்.

1922இல் மனைவியை ஊரில் விட்டு பாஸ்டன் சென்றார். மருத்துவமனையில் இரவு வேலை, பகலில் ஹார்வர்டு படிப்பு. 1925இல் ஃபிஸ்க் என்பவரோடு சேர்ந்து இரத்தத்திலுள்ள பாஸ்பரசை அளக்கும் முறையைக் கண்டார். உயிர்வேதியியல் மாணவர்கள் அதை இருவர் பெயராலேயே படிக்கிறார்கள். எனினும் ஹார்வர்டு நிரந்தரப் பதவி தரவில்லை. 1940இல் லெடர்லி நிறுவனத்தில் சேர்ந்தார்.

பம்பாயில் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலப் பெண் மருத்துவர், கர்ப்பிணிகளின் இரத்தசோகை ஈஸ்ட் சாற்றால் தீர்வதை ஏற்கெனவே காட்டியிருந்தார். சாற்றிலிருந்த பொருள் எது? விடை ஃபோலிக் அமிலம். 1945இல் சுப்பாராவின் குழு அதைச் செயற்கையாகவே செய்து முடித்தது. விரைவில் ஸ்ப்ரூ நோயாளிகளும் அதனால் தேறினர். தமையனும் தம்பியும் அதுவரை இருந்திருக்கக் கூடாதா என்று தோன்றாமல் போகுமா!

இரத்தசோகை எல்லாம் சத்துக்குறைவால் வருவதன்று. சில பெற்றோர் வழி வருபவை. நல்ல சிவப்பணு ஏறத்தாழ 120 நாள் வாழும். கோளவடிவச் சிவப்பணு நோய் போன்ற பரம்பரைக் குறைகளில் அது சில வாரங்களிலேயே சிதையும். ஈடுசெய்ய எலும்பு மஜ்ஜை ஓயாது உழைக்க, ஃபோலிக் அமிலம் விரைவில் தீர்ந்துபோகும். ஆகவே இந்நோயாளிகள் பலருக்கு அம்மாத்திரையும் தருகிறார்கள். அது பரம்பரைக் குறையை நீக்காது. மஜ்ஜைக்குத் துணை நிற்கும், அவ்வளவே. இரும்புச்சத்து மாத்திரை தின்றும் தேறாத குழந்தைக்கு மேலும் மேலும் இரும்பைக் கொடுப்பது தவறு. சிவப்பணுவின் வடிவத்தையும் ஹீமோகுளோபின் வகையையும் சோதிக்க வேண்டும். தேவையானால் பெற்றோர் இரத்தத்தையும் பார்க்க வேண்டும்.

ஃபோலிக் அமிலத்துக்கு எதிராக இயங்கும் பொருளையும் அக்குழுவே செய்தளித்தது. அதைக் கொண்டு பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் குழந்தைகளின் இரத்தப் புற்றுநோயைத் தற்காலிகமாகவேனும் தணித்துக் காட்டிய செய்தி 1948இல் வெளியாயிற்று. அவ்வாண்டு ஆகஸ்டில், 53ஆம் வயதில், சுப்பாராவ் அமெரிக்காவிலேயே காலமானார். ஊரில் விட்டுச் சென்ற மனைவியை அவர் மறுபடி பார்க்கவேயில்லை.